எல்லைப்புற ஊர்களும் அயலார் படப்பெட்டியும்

வெளிநாடு சென்று மீளும் அன்பர் எவரைக் காணினும், அவர் முதற்கண் நம்மிடம் நீட்டுவது தம் கைப்பேசியையே. கோபுரம் ஒன்று, பாலம் ஒன்று எனத் தொடங்கும் படங்கள் சிறிது நேரத்திற்குள் முன்பின் அறியாத மாந்தர்தம் முகங்களாக மாறிவிடும். மீன் விற்கும் மூதாட்டி, தொழுகைக்குச் செல்லும் பெண்டிர், நடைபாதையில் உறங்கும் ஏழை, பள்ளிக்கு ஓடும் சிறார் என அவை நீளும். இவர் யார் என வினவினால், "யாரோ, பார்க்க நன்றாக இருந்தது, எடுத்தேன்" என்பர். இந்த 'யாரோ' என்னும் சொல்லுக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அதன் ஓர் ஏடு, நம் சங்கத்தாருள் பலர்க்குச் சொந்த மண்ணாகிய பாறசாலை, நெய்யாற்றங்கரை எல்லைப்புறத்தைச் சார்ந்தது. அவ்வேட்டினை ஈண்டுச் சிறிது புரட்டிப் பார்க்க விழைகின்றோம்.

படம் எடுப்பவர்க்கு நேரும் இடர்களை முதலில் கூறிவிடுவோம். நம்மவர் மிகுதியாக வாழும் ஐக்கிய அரபு நாடுகளில் 2021ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டம் 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. பொதுவிடமே ஆயினும், பிறரை அவர் இசைவின்றிக் கைப்பேசி முதலியவற்றால் படம் எடுத்து அவர்தம் தனிமைக்கு ஊறு செய்தல் அச்சட்டப்படி குற்றமாகும். அதற்கு ஆறு திங்களுக்குக் குறையாத சிறை, அல்லது ஒன்றரை இலட்சம் முதல் ஐந்து இலட்சம் திர்ஹம் வரை தண்டம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். ஊரிலுள்ள மைத்துனர்க்கு அனுப்புவதற்காக எடுத்த படம் என்று சொல்லி அங்கே தப்ப இயலாது.

செருமனியில் இத்தகைய சட்டம் பிறந்த கதை கேட்கத் தக்கது. 1898 சூலை 30ஆம் நாள் பிசுமார்க் பெருமகனார் மறைந்தார். அன்றிரவே படப்பிடிப்பாளர் இருவர் பணியாள் ஒருவனைக் கைக்குள் போட்டுக்கொண்டு, சாளரத்தின் வழியே நுழைந்து, மெக்னீசிய வெளிச்சத்தில் சடலத்தைப் படம் பிடித்து, அதனைப் பெருந்தொகைக்கு விற்க முயன்றனர். குடும்பத்தார் வழக்காடினர், இருவரும் சிறை சென்றனர். ஆயினும் ஒருவருடைய உருவத்தின்மீது அவர்க்கு என்ன உரிமை என்னும் வினாவிற்கு நேரான விடை அன்றைய சட்டத்தில் இல்லை. 1907ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், படத்தில் உள்ளவரின் இசைவின்றி அப்படத்தைப் பரப்பலாகாது என்று விதித்தது. பேரரசின் முதலமைச்சராயிருந்தவர் பொருட்டு எழுந்த வினா இது. மீன் விற்கும் மூதாட்டியின் பொருட்டு எழுந்த வினா அன்று என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

எடுக்கப்பட்டவர்க்கு நேர்வது இதனினும் பெரிது. 1984இல் பெசாவர் நகருக்கு அருகிலுள்ள ஏதிலியர் முகாமில் பச்சைக் கண்களையுடைய ஆப்கானியச் சிறுமி ஒருத்தியை அமெரிக்கப் படப்பிடிப்பாளர் சுடீவ் மெக்கரி படம் எடுத்தார். 1985 சூன் திங்களில் நேசனல் சியாகிரபிக் இதழின் அட்டையில் வெளிவந்த அப்படத்தை உலகம் முழுதும் கண்டது. ஆனால் சர்பத் குலா என்னும் அவள் பெயர் 2002ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது. அதுகாறும் அப்படத்தை அவளே கண்டதில்லை. 2016இல் போலி அடையாள அட்டை வைத்திருந்ததாகப் பாகிசுத்தானத்தில் அவள் கைதானபோது, அதே முகத்தால் அச்செய்தி உலகெங்கும் பரவிற்று.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். திருவனந்தபுரத்தினின்றும் தெற்கு நோக்கிச் செல்வோர் பாலராமபுரம், நெய்யாற்றங்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டு எல்லையை அடைவர். 1956 நவம்பர் முதல் நாள் வரை அங்கே எல்லை என்பதே இல்லை, அனைத்தும் திருவிதாங்கூர்ப் பகுதியே. அந்நாளில் விளவங்கோடு, கல்குளம், அகத்தீசுவரம், தோவாளை ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றங்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதனால் தாய்வீடு ஒரு மாநிலத்திலும் புகுந்த வீடு மற்றொரு மாநிலத்திலுமான பெண்டிர் அங்கே பலர். ஒரே திண்ணையில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிப்பதை இன்றும் கேட்கலாம்.

நமக்குச் சொந்த ஊரான இவ்விடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியர்க்கு அயல்நாடு. அவர்களே பயணிகள், நம் முன்னோரே அந்த 'யாரோ'. இலண்டன் மிசன் சங்கம் நாகர்கோவில், நெய்யூர் ஆகிய ஊர்களோடு பாறசாலையிலும் நிலையம் அமைத்திருந்தது. அச்சங்கத்தின் ஊழியராகிய சாமுவேல் மெட்டீர் திருவிதாங்கூர் மக்களைப்பற்றி 1871இலும் 1883இலும் படங்களோடு கூடிய இரு பெருநூல்களை வெளியிட்டார். நிழற்படத்தை நேரே அச்சேற்றும் முறை அப்பொழுது பரவவில்லை. படத்தைப் பார்த்து மரக்கட்டையில் செதுக்கியே அச்சிடுவர். பின்னர் மாயவிளக்கு வில்லைகள் வந்தன. இங்கிலாந்தின் திருச்சபை மண்டபங்களில் அவற்றைத் திரையில் காட்டிப் பொருள் திரட்டினர். அப்பொருளால் பள்ளியும் மருத்துவமனையும் எழுந்தன என்பதை மறைத்துப் பேசுதல் முறையன்று. எனினும், இரக்கத்தைத் தூண்ட வேண்டுமாயின் இரங்கத்தக்க தோற்றமே படத்தில் வேண்டப்படும் என்பதும் உண்மையே.

இங்கே ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். தென் திருவிதாங்கூரில் சாணார் எனப்பட்ட நாடார் குலப் பெண்டிர் மேலாடை அணியும் உரிமைக்காக ஒரு தலைமுறைக்கும் மேலாகப் போராடினர். 1822 முதல் மூன்று முறை கலகங்கள் மூண்டன. சந்தைகளில் பெண்களின் ஆடை கிழிக்கப்பட்டது; வழிபாட்டிடங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. சென்னை ஆளுநர் சார்லசு திரெவெலியன் வற்புறுத்தியபின், 1859 சூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராசா ஓர் அறிவிப்பினை வெளியிட்டார். அதன்படி அப்பெண்டிர் குப்பாயமோ முரட்டுத் துணியோ அணிந்து மார்பை மறைக்கலாம். மேற்குலப் பெண்டிரைப்போல மட்டும் அணியலாகாது. அரைகுறை வெற்றியே எனினும், அடிபட்டும் அவமானப்பட்டும் ஈட்டியது அது.

இவ்வெற்றிக்குச் சற்றேறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர்ச் சித்திர அஞ்சலட்டை என்னும் வாணிகம் தலையெடுத்தது. மலையாள நாட்டுப் பெண்களை மேலாடையின்றிக் காட்டும் அட்டைகள் கடல் கடந்து விலையாயின. அட்டையின் கீழே சாதியின் பெயர் இருக்கும். பெண்ணின் பெயர் இராது. அதை வாங்கியவன் ஒரு 'வழக்கத்தை'க் கண்டான். அவ்வழக்கத்தை எதிர்த்து நின்ற பெண்டிரும் அதே நாட்டில் இருந்தனர் என்பதை அட்டை அவனுக்குச் சொல்லவில்லை. படத்தில் உள்ளது பொய்யன்று. ஆயினும் படத்திற்கு வெளியே நின்றுவிட்டதே பெரிய உண்மை.

சென்னைக் காட்சிச்சாலையின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்சுட்டன் இத்துறையில் முதன்மையானவர். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவர்தம் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூலில் நெய்யாற்றங்கரை மலைப்புறத்தில் வாழும் காணிக்காரரும் இடம்பெற்றுள்ளனர். படப்பெட்டியோடும் மூக்கையும் மண்டையையும் அளக்கும் கருவிகளோடும் அவர் ஊர் ஊராகச் சென்றார். மக்கள் அஞ்சி ஓடிய நிகழ்ச்சிகளை அவரே நகைச்சுவையோடு எழுதியுள்ளார். வயநாட்டுப் பணியப் பெண்டிர், தம்முள் சிறந்தோரைப் பிடித்துப் பாடம் செய்து காட்சிச்சாலையில் நிறுத்தப் போகிறார் என்று ஓடினராம். நீலகிரியில் காவலர் தேடிவந்த இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கோலைத் தூக்குமரம் என்று எண்ணி அளவெடுக்க மறுத்தாராம். ஒட்டர்களோ, போயர் போரில் மாண்டவர்க்கு ஈடாகத் தம்மைத் தென்னாப்பிரிக்காவிற்கு அனுப்பிவிடுவர் என்று நடுங்கினராம்.

நூலாசிரியரோடு சேர்ந்து நம்மால் நகைக்க இயலவில்லை. அதிகாரமுடைய அயலான் ஒருவன் கருவியோடு வந்து நின்றால், அது வரிக்கோ ஆள்பிடிப்புக்கோ தண்டனைக்கோதான் என்பதை அம்மக்கள் பட்டறிந்தவர்கள். தோட்டக்காடுகளுக்கு ஆள் சேர்த்துக் கப்பலேற்றிய காலம் அது. அவ்வாறு சென்றோரின் வழித்தோன்றல்கள் வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்களில் இன்றும் உள்ளனர். பணியப் பெண்டிர் அஞ்சியதும் ஒருவகையில் நிகழ்ந்தேவிட்டது. அவர்களை எவரும் பாடம் செய்யவில்லை. ஆனால் அவர்கள் குலத்தாரின் உருவங்கள் பெயரின்றிக் காட்சிச்சாலைத் தொகுப்புகளில் இன்றளவும் இருக்கின்றன.

இத்தகைய படங்கள் சென்று சேர்ந்த இடத்தில் என்ன விளைந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1868 முதல் 1875 வரை ஆங்கில அரசு 'இந்திய மக்கள்' என்னும் எட்டுத் தொகுதிப் படநூலை வெளியிட்டது. 1869இல் இலண்டன் சென்றிருந்த சர் சையத் அகமதுகான் அதனை இந்தியா அலுவலகத்தில் கண்டு மனம் வருந்தினார். அந்நூலைப் புரட்டிய ஆங்கில இளைஞன் ஒருவன், அவர்தம் மைந்தர் சையத் மகமூதை நோக்கி, நீரும் இந்துசுத்தானியரோ என்று கேட்டான். ஆம் என்ற மகமூது முகம் சிவந்து, தாம் அப்பூர்வகுடிகளைச் சேர்ந்தவரல்லர் என்றும், தம் முன்னோர் வேற்று நாட்டினின்று வந்தவர் என்றும் விரைந்து கூறினாராம். பின்னாளில் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய அறிஞர் அவர். அயல்நாட்டில் ஒரு படத்தின்முன் நின்றபோது, படத்தில் இருந்தவரைத் தம்மவர் அல்லர் என்று விலக்கியன்றோ அவர் தம் மானத்தைக் காத்துக்கொண்டார்! வெளிநாட்டில் வாழும் நம்மவர் இந்நிகழ்ச்சியை இருமுறை படித்தல் நன்று.

இந்திய அரசும் இவ்வகை இடரைச் சட்டத்தால் தடுக்க நேர்ந்தது. அந்தமான் நெடுஞ்சாலையில் சாரவாப் பெண்களைப் பயணிகளின் முன் ஆடவைத்த காட்சி 2012இல் வெளியாகிப் பெருங்கண்டனத்திற்கு உள்ளாயிற்று. அங்குள்ள தொல்குடியினரைப் படம் எடுப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இன்று உள்ளது. அச்சாலையில் வண்டியேறிச் செல்வோருள் தமிழரும் உளர்.

நெய்யாற்றங்கரை வட்டத்து வெங்கானூரில் 1863இல் பிறந்தவர் அய்யன்காளி. புலையர் குலத்தவர் பொதுச்சாலையில் நடக்கவும் தடை இருந்த காலத்தில், 1893இல் வில்வண்டி ஒன்றை வாங்கி, தலைப்பாகை அணிந்து, மணியொலிக்க அச்சாலையிலேயே ஓட்டிச் சென்றார். 1907இல் சாதுசன பரிபாலன சங்கத்தை நிறுவினார். அக்காலத்து இனவரைவுப் படங்களில் புலையர் பெண்டிர் கழுத்தில் கல்மாலை தொங்குவதைக் காணலாம். படம் எடுத்தோர்க்கு அது விந்தையான அணிகலன். அணிந்தோர்க்கோ அடிமையின் அடையாளம். 1915இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டுப் பக்கத்தில் அப்பெண்டிர் அம்மாலைகளை அணிய மறுத்தமையால் கலகம் மூண்டது. அவ்வாண்டே அய்யன்காளி கூட்டிய கொல்லம் மாநாட்டில் அவர்கள் தம் மாலைகளை அறுத்தெறிந்தனர்.

இன்று நாம் காணும் அய்யன்காளியின் உருவப்படத்தில் தலைப்பாகையும் மேற்சட்டையும் உள்ளன. பார்வை நேராக நம்மை நோக்குகிறது. அரிவாளும் கையுமாக வயலில் நிற்பவராக அன்றி, தாம் தோன்ற விரும்பிய கோலத்தில் அவர் அதில் தோன்றுகின்றார். திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் 1980இல் இந்திராகாந்தி அம்மையார் திறந்துவைத்த சிலையும் அத்தலைப்பாகையுடனேயே நிற்கிறது. பீடத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது.