விளி கற்ற இணையம்: மெய்நிகர் ஹோஸ்டின் வரலாறு குறித்து

லினக்ஸ் வழங்கி ஒன்றில் அப்பாச்சியை நிறுவி, ஒரே கணினியில் பல இணையதளங்களை நடத்துவது இன்று எளிது. தளத்துக்கு ஒரு ‘விர்ச்சுவல்ஹோஸ்ட்’ தொகுதி. அதில் ‘சர்வர்நேம்’ வரியில் ஆள்களப் பெயர், ‘டாகுமென்ட்ரூட்’ வரியில் கோப்புகள் உள்ள அடைவு. இவ்வளவே. ஆனால் இந்தப் பெயர்வரி பொருள்பெறுவதற்கு இணையத்தின் இலக்கணமே மாறவேண்டியிருந்தது.

தொடக்கக்கால உலாவிகள் ஆள்களப் பெயரை ஐபி முகவரியாக மாற்றி, அம்முகவரியோடு இணைந்தபின் பக்கத்தின் பாதையை மட்டுமே கேட்டன. எத்தளத்தின் பக்கம் என்பதைச் சொல்லவில்லை. மே 1996இல் ஆர்எஃப்சி 1945 ஆவணப்படுத்திய எச்டிடிபி 1.0, தளப்பெயரைக் கட்டாயமாக்கவில்லை. மொழியியல் நோக்கில் அது விளியற்ற வாக்கியம். வீட்டில் ஒருவரே இருக்கும்வரை பெயர்சொல்லி அழைக்கத் தேவையில்லை. பலர் குடியேறினால் அழைத்தாக வேண்டும். விளியை எட்டாம் வேற்றுமையாக எண்ணி, அதற்கெனத் தனி இயல் வகுத்த தொல்காப்பியத்தைப் பயின்றோர்க்கு இது புதிதன்று.

விளி இல்லாமையால் தளத்துக்கு ஒரு முகவரி தேவைப்பட்டது. ஐபி நான்காம் பதிப்பின் மொத்த முகவரிகளோ ஏறத்தாழ 430 கோடிதான். 1996இல் வெளியான அப்பாச்சி 1.1, பெயர்வழி மெய்நிகர் ஹோஸ்டுக்கு இடமளித்தது. ஜனவரி 1997இல் வந்த ஆர்எஃப்சி 2068, எச்டிடிபி 1.1 கோரிக்கை ஒவ்வொன்றிலும் ‘ஹோஸ்ட்’ தலைப்புவரியைக் கட்டாயமாக்கியது. அது இல்லாத கோரிக்கைக்கு 400 என்னும் பிழை விடையாயிற்று. அழைத்த பெயருக்கு உரியவர் இல்லையெனில், அப்பாச்சியில் முதலில் எழுதப்பட்ட தொகுதியே விடையளிக்கும். புதிய தளத்தைத் திறந்தால் பழைய தளம் தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான்.

குறியாக்கம் இத்தீர்வைக் குலைத்தது. ‘ஹோஸ்ட்’ வரி வந்துசேருமுன்பே வழங்கி தன் சான்றிதழைக் காட்டவேண்டும், யாருடையதைக் காட்டுவது? எனவே பாதுகாப்பான தளத்துக்கு மீண்டும் தனி முகவரி, அதற்குத் தனிச் செலவு. 2003இல் ஆர்எஃப்சி 3546 வரையறுத்த எஸ்என்ஐ, பெயரைக் கைகுலுக்கலின் தொடக்கத்திலேயே சொல்லச் செய்தது. அப்பாச்சி அதை 2009இல், 2.2.12 பதிப்பில் ஏற்றது. எனினும் விண்டோஸ் எக்ஸ்பியின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் எஸ்என்ஐயை அறியாததால், அப்பயனரைக் கைவிட இயலாத தளங்கள் மேலும் காத்திருந்தன.

இத்தீர்வுக்கும் விலையுண்டு. எஸ்என்ஐயில் பெயர் மறைவின்றிச் செல்கிறது. பக்கத்தின் உள்ளடக்கத்தைப் படிக்க இயலாத இடையாளரும், யாரை அழைக்கிறோம் என்பதைக் கேட்கலாம். கேட்டுத் தடுக்கவும் செய்யலாம். இந்திய இணையச் சேவையாளர் சிலர் இவ்வழியில் தளங்களை முடக்குவதை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. அழைப்பையே குறியாக்கும் ஈசிஎச் முயற்சியின் பின்னணி இதுவே.

தமிழ் ஆய்வாளர் கருதவேண்டியது இன்னொன்றும் உண்டு. ‘.இந்தியா’ என முடியும் தமிழ் முகவரியை நாம் தமிழில் தட்டச்சிடலாம். ‘ஹோஸ்ட்’ வரியில் செல்வதோ 2003இல் வரையறுக்கப்பட்ட பியூனிகோட் தரும் ரோமன் எழுத்துச் சரம். ‘சர்வர்நேம்’ வரியிலும் அச்சரத்தையே எழுதுவது வழக்கம். பெயர்சொல்லி அழைக்க இணையம் கற்றுக்கொண்டது; எந்த எழுத்தில் அழைப்பது, யார் காதில் விழ அழைப்பது என்னும் கேள்விகள் இன்னும் முடியவில்லை. தொழில்நுட்ப வரலாற்றில் மொழியியலாளர்க்கு உரிய இடம் அங்கேதான் இருக்கிறது.