அழுத பையனும் நாப்கின் காகிதமும்

செலக்‌ஷனுக்குப் கால்பந்தாடும் பையன்களைக் கூட்டிப்போகிறவன் நான். பார்சிலோனா கிளப் என்றாலே மெஸ்ஸியின் நாப்கின் கதையைக் கேட்பார்கள். எனக்கோ அந்தக் கிளப்பின் லா மாசியாதான் பெரிது. 1702-இல் கட்டிய பண்ணை வீடு அது. 1979-இல் வெளியூர்ச் சிறுவர்களுக்கு விடுதியானது. 1996-இல் கால்பந்து வீரர் இனியெஸ்டா அங்கே வந்தபோது வயது 12. வீட்டை நினைத்து அழுது தீர்த்ததை அவரே சொல்லியிருக்கிறார். எந்தச் செலக்‌ஷனிலும் அதற்கு மார்க் கிடையாது.

சரி, நாப்கின். வளர்ச்சி ஹார்மோன் குறைந்த 13 வயது மெஸ்ஸியை எடுக்க கிளப் நிர்வாகம் தயங்கியது. அப்பா பொறுமையிழந்தார். 2000 டிசம்பர் 14 அன்று, ஒரு டென்னிஸ் கிளப்பில், பார்சிலோனா அதிகாரி ரெக்சாச் கையில் கிடைத்த நாப்கின் காகிதத்திலேயே சம்மதம் எழுதிக் கையெழுத்திட்டார். 2024-இல் அது ஏலத்தில் ஏழரை லட்சம் பவுண்டைத் தாண்டியது. பழைய பண்ணை வீட்டு விடுதியோ 2011-லேயே மூடப்பட்டுவிட்டது.