ஐந்தா, ஆறா? – ஒரு நாட்டுச் சின்னத்தின் கதை

மலர்க் குழுவிலிருந்து தம்பி ஒருவர் போன் செய்து, "ஐயா, கல்லூரி நாளைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றார். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும், பரீட்சைக்கு முந்தைய இரவுகளைப் பற்றியும் என்னைவிட நன்றாக எழுதக்கூடிய நண்பர்கள் நம்மிடையே நிறையப் பேர். அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். நான் படித்தது பி.ஏ. வரலாறு, 1974–77. என் மனசில் இன்றும் நிற்பது ஒரு வகுப்பு, இரண்டு காசுகள், நான் செய்த ஒரு தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு காசுகள்

எங்கள் பேட்சில் தூத்துக்குடிப் பக்கத்து நண்பன் ஒருவன் இருந்தான். அவன் மாமா கப்பலில் வேலை பார்த்தவர். லீவு முடிந்து வரும்போதெல்லாம் வெளிநாட்டுக் காசு, தபால்தலை என்று எதையாவது கொண்டுவருவான். இறுதி ஆண்டில் ஒருமுறை யூகோஸ்லாவியக் காசு இரண்டு கொண்டுவந்தான். ஒன்று 1953-இல் அடித்த அலுமினியக் காசு. கையில் வைத்தால் கனமே தெரியாது. மற்றது 1973-இல் அடித்த ஒரு தினார். இரண்டிலும் அந்த நாட்டின் அரசுச் சின்னம். இருபுறமும் வளைந்த கோதுமைக் கதிர்கள், மேலே ஐந்துமுனை நட்சத்திரம், நடுவே எரியும் தீப்பந்தங்கள், கதிர்களைக் கீழே கட்டியிருக்கும் ஒரு நாடா.

யூகோஸ்லாவியா அந்தக் காலத்தில் நமக்கு அந்நிய நாடு அல்ல. அதன் தலைவர் டிட்டோ 1954 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தவர். நேருவும் நாசரும் அவரும் 1956-இல் பிரியோனித் தீவில் கூடிப் பேசினார்கள். அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாடு 1961-இல் 25 நாடுகளோடு பெல்கிரேடில்தான் நடந்தது. பரீட்சைக்கு இதெல்லாம் நாங்கள் மனப்பாடம் செய்தவை.

ஐரோப்பிய வரலாறு எடுத்த சார் காசுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு வகுப்பு முழுக்கச் சுற்றவிட்டார். "என்ன வித்தியாசம்? பாத்துச் சொல்லுங்க" என்றார்.

முன்பெஞ்சில் இருந்த நான் முந்திக்கொண்டேன். "சார், பழைய காசுல பந்தம் அஞ்சு. புதுசுல ஆறு."

"சபாஷ். ஏன் அப்படி?"

"புதுசா ஒரு மாநிலம் சேந்திருக்கும் சார்."

"எந்த மாநிலம்? பேரைச் சொல்லுப்பா."

முழித்தேன். வகுப்பே சிரித்தது. "லைப்ரரில போய்ப் பாத்துட்டு நாலு பக்கம் எழுதிக்கிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

போய்ப் பார்த்தால், அங்கே எந்த மாநிலமும் புதிதாகச் சேரவில்லை! 1946 அரசியல் சட்டத்திலேயே ஆறு குடியரசுகள்தான்: செர்பியா, குரோஷியா, ஸ்லோவேனியா, மாசிடோனியா, மாண்டினெக்ரோ, பொஸ்னியா-ஹெர்ஸகோவினா. ஆனால் அதே அரசியல் சட்டம் சின்னத்தில் ஐந்து பந்தங்கள் என்று எழுதிவைத்திருக்கிறது. ஆறு பேர் இருக்கிற வீட்டில் ஐந்து இலை போட்ட மாதிரி! எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில், "சின்னத்தை வரைந்தவர் கணக்கில் பிழை செய்துவிட்டார், 1963-இல் அது திருத்தப்பட்டது" என்று எழுதி முடித்துவிட்டேன். சார் அந்த வரியின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி மட்டும் எழுதித் திருப்பித் தந்தார்: "பிழை படத்திலா, நாட்டிலா?"

பதில் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

முதலில் மூன்று

கதை 1918-இல் ஆரம்பிக்கிறது. முதல் உலகப் போர் முடிந்ததும் தென் ஸ்லாவிய மக்களைச் சேர்த்து ஓர் அரசு உருவானது. அதன் பெயரே "செர்பியர், குரோஷியர், ஸ்லோவேனியர் அரசு". யூகோஸ்லாவியா என்ற பெயர் 1929-இல் வந்தது. "தென் ஸ்லாவியர்களின் நாடு" என்று அர்த்தம். அந்த முடியரசின் சின்னம் இரட்டைத் தலைக் கழுகு. கழுகின் மார்பில் ஒரு கேடயம், அதில் மூன்று பங்கு: செர்பியருக்குச் சிலுவை, குரோஷியருக்குச் சிவப்பு-வெள்ளைச் சதுரங்கக் கட்டம், ஸ்லோவேனியருக்குப் பிறையும் நட்சத்திரமும். மாசிடோனியரும் மாண்டினெக்ரோ மக்களும் அந்தக் கேடயத்தில் இல்லை. அவர்களையும் செர்பியர் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். பொஸ்னிய முஸ்லிம்களுக்கும் இடமில்லை. ஆக, மூன்று பேருக்குத்தான் கணக்கு.

யாய்ட்சே ஊரில் ஓர் இரவு

1941 ஏப்ரல் 6-ஆம் தேதி ஹிட்லரின் விமானங்கள் பெல்கிரேடின் மீது குண்டு வீசின. இரண்டு வாரத்துக்குள் நாடு விழுந்தது. ஜெர்மனி, இத்தாலி, ஹங்கேரி, பல்கேரியா என்று ஆளுக்கொரு துண்டு. அப்போது மலைகளில் இருந்துகொண்டு போராடியவர்கள் டிட்டோவின் பார்ட்டிசான்கள். தொப்பியில் அவர்கள் வைத்துக்கொண்ட சிவப்பு நட்சத்திரம்தான் பின்னால் நாட்டின் சின்னத்திலும் ஏறியது.

1943 நவம்பர் 29-ஆம் தேதி, பொஸ்னியாவில் யாய்ட்சே என்ற சின்ன ஊர். அருவி விழுகிற, மலைமேல் கோட்டை இருக்கிற ஊர். அங்கே ஓர் உடற்பயிற்சிக் கழகத்தின் கட்டடத்தில் பார்ட்டிசான் பிரதிநிதிகள் கூடினார்கள். இரவு முழுக்கக் கூட்டம். விடிவதற்குள், போருக்குப் பிந்தைய நாடு சம உரிமையுள்ள மக்களின் கூட்டாட்சியாக இருக்கும் என்று முடிவு செய்துவிட்டார்கள். பின்னாளில் சின்னத்தின் நீல நாடாவில் பொறித்த தேதி இதுதான்: 29.XI.1943.

சின்னத்தோடு ஓவியர் ஜோர்ஜெ ஆந்த்ரேயெவிச் கூன், சிற்பி அந்துன் அவ்குஸ்தின்சிச் ஆகியோரின் பெயர்கள் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. கூன் பெல்கிரேடில் வாழ்ந்தவர், அவ்குஸ்தின்சிச் குரோஷியர். ஒரு விஷயம் கவனியுங்கள்: பொதுவுடைமை நாடு என்றாலும் இந்தச் சின்னத்தில் அரிவாளும் சுத்தியலும் கிடையாது. கதிர் உழவரின் உழைப்பு, நட்சத்திரம் போராட்டம். நடுநாயகமாக இருப்பது மக்கள். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு பந்தம், எல்லாப் பந்தங்களின் தீயும் மேலே ஒரே சுடராகக் கலக்கிறது. 1946 அரசியல் சட்டமும் சின்னத்தை அப்படியே வர்ணிக்கிறது.

பந்தம் ஐந்து. செர்பியர், குரோஷியர், ஸ்லோவேனியர், மாசிடோனியர், மாண்டினெக்ரோ மக்கள். மூன்று ஐந்தாகிவிட்டது. விட்டுப்போன இருவரும் உள்ளே வந்துவிட்டார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய நியாயம்தான், சந்தேகமில்லை.

ஆனால் கூட்டம் நடந்த யாய்ட்சே எந்த மண்ணில் இருக்கிறது? பொஸ்னியாவில். அந்த பொஸ்னியாவுக்குத்தான் பந்தம் இல்லை!

ஐந்து எப்படி ஆறு ஆனது

காரணம் இதுதான். பந்தத்தை எண்ணியது இனத்துக்கு, மண்ணுக்கு அல்ல. பொஸ்னியாவில் செர்பியர், குரோஷியர், முஸ்லிம்கள் என்று மூவரும் தெருவுக்குத் தெரு கலந்து வாழ்ந்தார்கள். செர்பியருக்கும் குரோஷியருக்கும் ஏற்கெனவே பந்தம் உண்டு. முஸ்லிம்கள்? அவர்களைத் தனி இனமாக அப்போது ஏற்கவில்லை. மதம் வேறு, மற்றபடி செர்பியரோ குரோஷியரோதான், போகப்போகத் தாங்களே முடிவு செய்துகொள்வார்கள் என்று நினைத்தார்கள். யாய்ட்சே கூட்டத்துக்கு நாலு நாள் முன்னால், நவம்பர் 25-ஆம் தேதி, பொஸ்னியப் பிரதிநிதிகள் தனியே கூடி, இந்த மண் மூவருக்கும் சொந்தம் என்று அறிவித்திருந்தார்கள். ஆனாலும் சின்னத்தில் ஐந்துதான் வந்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால் சங்கடம் புரியும். 1948-இல் ஒரு பொஸ்னிய முஸ்லிம் தன்னைச் செர்பியர் என்று எழுதலாம், குரோஷியர் என்று எழுதலாம், இல்லாவிட்டால் "இனம் முடிவு செய்யாதவர்" என்று எழுதலாம். மிகப் பெரும்பாலோர் மூன்றாவதையே எழுதினார்கள். தன் வீட்டில், தன் மொழியில், தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர் "முடிவு செய்யாதவர்"! 1961-இல் இன அடிப்படையில் முஸ்லிம் என்று எழுத வழி வந்தது. 1968-இல் பொஸ்னியக் கட்சித் தலைமை அவர்களைத் தனி இனமாக ஏற்றது. 1971 கணக்கெடுப்பில் மற்ற இனங்களுக்குச் சமமான இடம் கிடைத்தது.

இதற்கு நடுவில், 1963 ஏப்ரல் 7-ஆம் தேதி புதிய அரசியல் சட்டம் வந்தபோது சின்னத்தில் ஆறாவது பந்தம் ஏறியது. இனத்துக்கு ஒன்று என்றிருந்த கணக்கு, குடியரசுக்கு ஒன்று என்று மாறியது. பொஸ்னியாவுக்கும் ஒரு பந்தம். வரைந்தவர் தப்பு செய்யவில்லை நண்பர்களே. நாடு அன்றைக்கு எப்படி எண்ணியதோ அப்படியே வரைந்திருக்கிறார். நான்தான் ஒரு மக்கள் கூட்டம் விட்டுப்போனதை "ஓவியர் பிழை" என்று எழுதிவிட்டேன்.

எண்ணிக்கை மாறுவது சோவியத் சின்னத்திலும் உண்டு. 1946-இல் அதில் 16 நாடாச் சுற்றுகள். கரேலிய-ஃபின்னியக் குடியரசைக் கலைத்ததும் 1956-இல் அது 15 ஆனது. சின்னத்தை எண்ணத் தெரிந்தால் சரித்திரம் பாதி படித்த மாதிரிதான்.

பந்தமே கிடைக்காதவர்கள்

ஆறோடு கணக்கு முடிந்ததா? அதுவும் இல்லை. கொசோவோவில் பெரும்பான்மையாக இருந்த அல்பேனியர்கள் யூகோஸ்லாவியாவில் மாண்டினெக்ரோ மக்களைவிட இரு மடங்குக்கும் மேல். அவர்களுக்கும் வோய்வோதினா ஹங்கேரியர்களுக்கும் "இனம்" என்ற தகுதி இல்லை, "தேசியச் சிறுபான்மை" என்ற வகைதான். 1974 அரசியல் சட்டம் கொசோவோ, வோய்வோதினா மாகாணங்களுக்குக் கிட்டத்தட்டக் குடியரசுக்குச் சமமான அதிகாரம் தந்தது. சின்னத்தில் மட்டும் மாற்றமில்லை.

பந்தம் கிடைக்காததால்தான் போர் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அது சின்னப்பிள்ளைத்தனம். 1980 மே 4-ஆம் தேதி டிட்டோ இறந்தார். சுமார் 2,000 கோடி டாலர் வெளிநாட்டுக் கடன். 1989-இல் விலைவாசி கட்டுக்கு அடங்காமல் ஏறியது. அதே ஆண்டு கொசோவோவின் தன்னாட்சியைச் செர்பியா பறித்தது. குடியரசுத் தலைவர்கள் ஆளுக்கொரு பக்கம் இனப்பற்றைக் கிளப்பிவிட்டார்கள். 1991 ஜூன் 25-ஆம் தேதி ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் பிரிந்தன. 1992 ஏப்ரலில் சரயேவோ முற்றுகை ஆரம்பித்து, 1996 பிப்ரவரி வரை நீடித்தது. அந்த 1992 ஆகஸ்டில் சரயேவோவின் தேசிய நூலகத்தைக் குண்டு போட்டு எரித்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பல்.

சாரிடம் சொன்ன பதில்

அப்போது நான் பள்ளிக்கூடம் ஒன்றில் வரலாறு ஆசிரியர். நூலகம் எரிந்த செய்தியைப் படித்ததும் சாரைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அடுத்த லீவில் போனேன். ரிட்டயர் ஆகித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"சார், பதினஞ்சு வருஷத்துக்கு முந்தின கேள்விக்கு இப்ப பதில் சொல்றேன். பிழை படத்துல இல்ல, நாட்டுல."

சிரித்தார். "ஞாபகம் வச்சிருக்கியா! ஆனா அதுவும் பாதிதான்பா. அஞ்சு ஆறாச்சு, கணக்குச் சரியாச்சுன்னே வச்சுக்கோ. அப்புறமும் வீடு எரிஞ்சுதே, அதுக்கு என்ன சொல்றே?"

நான் பேசாமல் இருந்தேன். அவரே சொன்னார்: "எண்ணாம விட்டா தப்பு. எண்ணிட்டு, அதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சா அது அதைவிடப் பெரிய தப்பு. ஒரே சுடர்னு படத்துல வரைஞ்சிடலாம். தினம் தினம் அதைப் பாத்துக்கிட்டவங்க யாரு?"

சார் இப்போது இல்லை. அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது.

இன்றைக்கு அந்த ஆறு குடியரசுகளுக்கும் தனித்தனிச் சின்னம். ஸ்லோவேனியாவில் திரிக்லவ் மலை. குரோஷியாவில் பழைய சதுரங்கக் கட்டம். செர்பியா 2004-இல் மறுபடி இரட்டைத் தலைக் கழுகுக்கே போய்விட்டது. வட மாசிடோனியா மட்டும் கோதுமை, புகையிலை, கசகசாக் காய் உள்ள பழைய சின்னத்தையே வைத்துக்கொண்டு, 2009-இல் நட்சத்திரத்தை மாத்திரம் எடுத்தது. பொஸ்னியாவில் மூன்று தரப்புக்கும் உடன்பாடு வரவில்லை. கடைசியில் 1998-இல் சர்வதேச உயர் பிரதிநிதி முடிவு செய்து ஒரு சின்னத்தைக் கொடுத்தார். நீலத்தில் மஞ்சள் முக்கோணம், ஓரமாக நட்சத்திரங்கள். பந்தம் இல்லை, கதிர் இல்லை, யார் மனமும் புண்படாத படம்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. எந்தச் சின்னத்தைப் பார்த்தாலும், எந்தப் பட்டியலைப் பார்த்தாலும், அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். எண்ணிப் பாருங்கள். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் "வரைந்தவர் பிழை" என்று என்னைப் போல எழுதிவிடாதீர்கள்.

மலர்க் குழுவுக்கும் ஒரு விண்ணப்பம். பேராசிரியர் பெயர்கள், சங்க நிர்வாகிகள் பெயர்கள் எல்லாம் அச்சாகும், சந்தோஷம். நமக்கு மூன்று வருஷம் சோறு போட்ட மெஸ் மாஸ்டர்கள், லைப்ரரியில் எனக்காக ஏணி போட்டு அட்லஸ் எடுத்துக் கொடுத்த அட்டெண்டர், இரவு வாட்ச்மேன் – இவர்கள் பெயரும் தேடி எடுத்துப் போடுங்கள். போட்டுவிட்டு, ரீயூனியன் அன்று அவர்கள் வீட்டுக்கும் ஓர் அழைப்பிதழோடு நேரில் போய்வாருங்கள். கூட வர நான் தயார்.