அலுவலக லேன் மென்பொருள்

ஓர் அலுவலகத்தின் கணினிகளைக் கம்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ இணைத்து, கோப்புகளையும் பிரிண்டரையும் எல்லோரும் பகிர்ந்துகொள்ள உதவுவது லேன் மென்பொருள். ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி போன்ற ஊரின் அலுவலகத்தில் இதைத் தேர்வு செய்யும்போது, விலையைப் போலவே மொழியையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வரலாறு: 1983இல் வந்த நோவெல் நெட்வேர் என்ற லேன் மென்பொருளுக்குத் தனி சர்வர் தேவைப்பட்டது. 1992இல் வெளியான விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ், சர்வர் இல்லாமலே கணினிகள் ஒன்றோடொன்று பகிர வழிசெய்தது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் வெளியிட்ட நிரல் பின்னாளில் சாம்பா ஆயிற்று. லினக்ஸ் சர்வரில் உள்ள கோப்புகளை விண்டோஸ் கணினிகள் திறப்பது இதனால்தான். தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் 2007 வாக்கில், தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2007இல் மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் பாஸ் என்ற லினக்ஸ் பதிப்பை வெளியிட்டது.

எண்ணிக்கையும் செலவும்: விண்டோஸ் 10, 11 புரோ உள்ள கணினியின் ஷேர்டு ஃபோல்டரில் ஒரே நேரத்தில் 20 இணைப்புகள் வரை அனுமதி உண்டு. நான்கைந்து மேசை கொண்ட அலுவலகத்துக்கு இதுவே தாராளம். 20 இணைப்புகளுக்கு மேல் போனால் விண்டோஸ் சர்வரோ சாம்பாவோ வேண்டும். விண்டோஸ் சர்வருக்குப் பயனருக்கோ கணினிக்கோ தனித்தனி உரிமம் வாங்க வேண்டும். சாம்பாவுக்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் லினக்ஸ் தெரிந்த ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

மொழி: 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்த திருத்தணியில் தமிழும் தெலுங்கும் புழங்குகின்றன. 2003இல் வந்த சாம்பா 3.0 முதல் யூனிகோடு வசதி இருப்பதால், இரு மொழிக் கோப்புப் பெயர்களும் ஒரே ஃபோல்டரில் சிதையாமல் நிற்கும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகளே இடம். ‘திருத்தணி’ என்ற சொல் மட்டுமே 27 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. மனுதாரர் பெயர், கிராமம், பொருள் என்று நீட்டி எழுதிய பெயரை விண்டோஸ் ஏற்கும். ஆனால் அதை லினக்ஸ் சர்வருக்கு நகலெடுக்கும்போது பிழை வரும். எழுத்தர் நெட்வொர்க் கெட்டுவிட்டது என்று நினைப்பார். பெயரைச் சுருக்கினாலே போதும்.

பாதுகாப்பு: 2017 மே மாதம் வான்னாக்ரை தீநிரல், விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாக லேன்களுக்குள் பரவியது. திருத்தணிக்கு அடுத்துள்ள சித்தூர் மாவட்டக் காவல் துறைக் கணினிகளும் பாதிக்கப்பட்டன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. எனவே பழைய எஸ்எம்பி பதிப்பை அணைத்து வைப்பதும், திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுவதும் கட்டாயம்.

சோதனை: வாங்கும் முன், அலுவலகத்தின் மிக நீண்ட தமிழ்ப் பெயருள்ள கோப்பையும் ஒரு தெலுங்குக் கோப்பையும் சர்வரில் வைத்து, வேறொரு கணினியில் திறந்து, பேக்கப்பிலிருந்து மீட்டும் பார்க்க வேண்டும். பெயரும் உள்ளடக்கமும் மாறாமல் திரும்பி வந்தால் அதை நம்பி வாங்கலாம்.