யார் கீழ்ப்படிந்தார்கள்?

“எல்லாம் ஆண்டவர் சித்தம்டா. நாம கீழ்ப்படியணும்.” எங்க ஆயா சாகிறவரைக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கோயிலில் கடைசி பெஞ்சுக்கும் பின்னால் வெறுந்தரையில் உட்கார்ந்து செபம் சொன்ன கிழவி. நடவுக் கூலி குறைந்தாலும் சித்தம்; நம்ம சனத்துக்குக் கல்லறை தனி என்றாலும் சித்தம். தமிழ் படித்த எனக்கு அந்தச் சொல்லே உறுத்தும். கீழே படிந்து கிட என்றுதான் அது காதில் விழும். சேரியில் பிறந்தவளுக்கு அதை வேதம் வந்தா சொல்லித்தரணும்? ஆண்டை முன்பே சொல்லித்தந்ததுதானே.

கடவுளின் சித்தத்துக்குக் கீழ்ப்படிவதே விசுவாசத்தின் உயிர் என்று பிரசங்கம் செய்கிறார்கள். இருக்கட்டும். தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாற்றில் யார் கீழ்ப்படிந்தார்கள், யார் மறுத்தார்கள் என்று பார்த்துவிடுவோம்.

ராஜநாயக்கன் என்று ஒருவர். பறையர். தஞ்சை மன்னர் படையில் சேர்வைக்காரர். தரங்கம்பாடி மிஷன் அச்சிட்ட தமிழ் வேதத்தைத் தானே படித்து, 1727இல் அந்தச் சபையில் சேர்ந்தார். படை வேலையை விட்டு உபதேசியாரானார். எதிர்ப்புகளுக்கு நடுவே தஞ்சை நாட்டு ஊர்களில் சபைகளைக் கட்டினார். 1733இல் வேளாளரான ஆரோன் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். அடுத்த குரு யார் என்ற பேச்சு வந்தபோது ராஜநாயக்கன் பெயரும் எழுந்தது. தகுதியில் குறை இல்லை. ஆனால் பறையர் கையால் வேளாளர் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741இல் தியோகு குருவானார். ராஜநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

அழைப்பைக் கேட்டு எழுந்து வந்தவர் அவர். தடுத்தது எது? தேவசித்தமா, சாதிச்சித்தமா?

ஏறக்குறைய நூறாண்டு கழித்து எதிர்ப்பக்கம் சோதனைக்கு வந்தது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஒரு கடிதம் எழுதினார். சபைக்குள் சாதி கூடாது. உடனே, முற்றாக விட்டுவிட வேண்டும். கோயிலில் தனி இடமில்லை, நற்கருணையில் முன்பின் இல்லை. கோயில்களில் அது வாசிக்கப்பட்டது. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். சாதி என்பது உலக வழக்கம், விசுவாசத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது அவர்கள் வாதம். கீர்த்தனைகளால் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியாரே 1829இல் சாதி வழக்கத்துக்காக வாதாடி எழுதியவர்தான். பிற்பாடு பலர் சாதி விஷயத்தில் கெடுபிடி காட்டாத லைப்சிக் லுத்தரன் மிஷனுக்குப் போனார்கள். வேதத்தை விடவில்லை, சாதியையும் விடவில்லை. கீழ்ப்படிதலைத்தான் விட்டார்கள்.

இதுதான் விஷயம். நமக்கு வந்தால் அது ‘சித்தம்’. அவர்களுக்கு வந்தால் ‘வழக்கம்’. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. சபைக்குள் தீண்டாமை இருப்பதை அதில் ஒப்புக்கொண்டது. வில்சன் கடிதத்துக்குப் பிறகு 183 வருஷம்!

கெத்செமனேயில் தன் விருப்பத்தைத் தள்ளிவைத்துப் பிதாவின் சித்தத்துக்குத் தன்னைக் கொடுத்தார் இயேசு. அவர் காய்பாவுக்கும் பிலாத்துவுக்கும் கீழ்ப்படிந்திருந்தால் சிலுவை எதற்கு? ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்ற பேதுருவும் மனுஷர் சொல்லைவிடக் கடவுள் சொல்லே பெரிது என்றுதான் சொன்னார். கடவுளுக்குக் கீழ்ப்படிவது என்றால் ஆண்டைக்குக் கீழ்ப்படிய மறுப்பது. நமக்குப் பிரசங்கத்தில் விட்டுப்போன பகுதி இது.

ஆயா உயிரோடு இருந்தால் ஒன்று சொல்வேன். “நீ கீழ்ப்படிஞ்சது போதும் ஆயா. தரையிலிருந்து எழுந்து வந்து முன்வரிசையில உக்காரு. அதுவும் ஆண்டவர் சித்தம்தான். இனிமே அவங்க கீழ்ப்படியட்டும்.”