பீரோவுக்கு எண் இருக்கு, மென்பொருளுக்கு?

நாகர்கோவில் பக்கம் பழைய அரசு அலுவலகங்களில் நாற்காலி முதுகிலும் பீரோ பக்கவாட்டிலும் பெயிண்டில் எழுதிய எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அது இருப்புப் பதிவேட்டு எண். கணினி வந்தபோது அதையும் இதே மாதிரிதான் பதிவேட்டில் ஏற்றினார்கள்: மானிட்டர் 1, சிபியு 1, யுபிஎஸ் 1. உள்ளே என்ன மென்பொருள் ஓடுகிறது என்று எழுத அதில் கட்டமே கிடையாது.

அந்தக் கட்டம் எப்போது வந்தது என்று தேடினால் ஒரு விஷயம் தெரிகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு கெடுவோ பீதியோ வந்த பிறகுதான் பட்டியல் ஒரு படி உள்ளே இறங்கியிருக்கிறது.

முதலில் 2014. ஏப்ரல் 8-ஓடு விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்தது. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை நிறுவும்படி தமிழக அரசு தன் துறைகளுக்குச் சொன்னது. சரி, மாத்தணும்னா எந்த மெஷின்ல எக்ஸ்பி இருக்குன்னு முதல்ல தெரியணும் இல்லையா? இயங்குதளத்துக்கு ஒரு கட்டம் தேவைப்பட்டது.

அடுத்து 2017 மே 12, வான்னாக்ரை. கேரளத்தில் வயநாட்டின் தரியோடு, பத்தனம்திட்டையின் அருவாப்புலம் பஞ்சாயத்து அலுவலகங்களின் கணினிகள் பூட்டப்பட்டன. பத்தனம்திட்டைப் பக்கம் 1956 வரை எங்கள் நாஞ்சில் நாட்டோடு ஒரே அரசின் கீழ் இருந்த ஊர்தான். எல்லாரும் எக்ஸ்பியைத் திட்டினார்கள். ஆனால் உலக அளவில் அதிகம் மாட்டியது விண்டோஸ் 7. அதற்கான திருத்தம் மார்ச் 14-லேயே வெளியாகிவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள். 'விண்டோஸ் 7, ஆதரவு உண்டு' என்ற பதிவு சரிதான், ஆனா உதவல. எந்தத் திருத்தம் வரை போட்டிருக்கிறது என்றும் எழுத வேண்டியிருந்தது.

2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை. இது தனியாக நிறுவும் மென்பொருளே இல்லை, மற்ற மென்பொருள்களுக்குள் ஒளிந்திருக்கும் ஜாவா நூலகம். நிறுவிய மென்பொருள் பட்டியலில் அதன் பெயரே வராது. ஒவ்வொரு மென்பொருளும் எந்தெந்தப் பாகங்களால் ஆனது என்ற பட்டியலுக்கு செர்ட்-இன் 2024 அக்டோபரில் வழிகாட்டுதல் வெளியிட்டது.

இன்றைக்கு ஓசிஎஸ் இன்வென்டரி போன்ற இலவசக் கருவிகளே இருக்கின்றன. ஒவ்வொரு கணினியிலும் ஒரு சின்ன நிரல் இருந்து, விண்டோஸில் ரெஜிஸ்ட்ரியையும் பாஸ் போன்ற டெபியன் வகை லினக்ஸில் டிபிகேஜி பட்டியலையும் படித்து சர்வருக்கு அனுப்பும். அணைத்து வைத்த கணினியிலிருந்து புதிய தகவல் வராது. பென்டிரைவிலிருந்து அப்படியே காப்பி செய்து ஓட்டும் நிரலும் பெரும்பாலும் தெரியாது. பீரோவை வருஷத்துக்கு ஒருதரம் எண்ணினால் போதும். மென்பொருள் ராத்திரியோட ராத்திரியா மாறிடும்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு முடிந்தது. உங்க ஆபீஸ்ல அது எத்தனை மெஷின்ல இருக்குன்னு கேட்டுப் பாருங்க. உடனே ஒரு எண் வந்தால் நல்லது. 'எண்ணிப் பாத்துட்டுச் சொல்றேன்' என்று வந்தால், பதிவேடு இன்னும் பீரோ காலத்தில்தான் இருக்கிறது.