வயலிற் கிடந்த மரக்கலம்

பழுதுற்ற மரக்கலத்தின் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிவிட்டால், எஞ்சுவது பழைய கலமா, புதிய கலமா? இவ்வினா தத்துவ நூல்களில் மட்டும் எழுந்ததன்று.

1892ஆம் ஆண்டு. நீராவிக் கப்பல்கள் பாய்க்கப்பல் தலைவர்களின் பிழைப்பைப் பறித்துவந்த காலம். வேலையற்றிருந்த ஜோஷுவா ஸ்லோக்கம் என்னும் தலைவருக்கு நண்பரொருவர் ஒரு கப்பல் தருவதாகச் சொன்னார். அமெரிக்காவின் ஃபேர்ஹேவன் ஊருக்குச் சென்று பார்த்தால், வயல்வெளியில் முட்டுக்கொடுத்து நிறுத்திய ‘ஸ்ப்ரே’ என்ற கிழட்டுப் படகு! அதை உடைக்கவே வந்திருக்கிறார் என்று ஊரார் எண்ணினர்.

அவரோ அருகிலிருந்த ஓக் மரத்தை வெட்டி அடிக்கட்டை செதுக்கினார். இளமரங்களை நீராவியில் பதப்படுத்தி வளைத்து, விலாக்கட்டைகள் ஆக்கினார். மேய்ச்சல் நிலத்து ஓக்கில் அமைந்த முகப்புக் கட்டை, பிற்காலத்தில் கீலிங் தீவுகளிற் பவளத்திட்டு ஒன்றை இருகூறாகப் பிளந்தும் வடுப்படவில்லையாம்! பலகை இடுக்குகளிற் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடித்தார். 13 மாத உழைப்பு. பொருட்செலவு 553 டாலர் 62 சென்ட். சிறிது சிறிதாக மாறியமையால், பழையது எங்கே மடிந்தது, புதியது எங்கே பிறந்தது என அவராலேயே கூற இயலவில்லை. பெயர் மட்டும் ஸ்ப்ரே என்றே நின்றது.

1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து அதில் தனியே புறப்பட்டவர், 46,000 மைலுக்கு மேற் கடந்து, 1898 ஜூனில் நியூபோர்ட் சேர்ந்தார். தன்னந்தனியே பாய்மரக் கலத்தில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவரே. அடுத்த மாதம் படகை ஃபேர்ஹேவனுக்குச் செலுத்தி, முதன்முதல் நீரில் இறக்கியபோது கரையில் அறைந்த அதே மரமுளையிற் கட்டினார்.